நான்காவது இலக்கு

தொண்டியில், ஐஸ் கம்பெனி மாடியில்
டிசம்பரின் கடைசி ஞாயிறு.
பேனர் கட்டச் சுவரில் ஓர் ஆணிதான் இருந்தது.
'கடலோரத் தாவரவியலாளர்' மேலே நிற்க
'கழகம்' தரை பார்த்தது.

உறுப்பினர் நாற்பத்தொருவர்.
வந்தவர் பதினாலு.
சந்தா கட்டியவர் எத்தனை என்று
பொருளாளர் சேகு ஜலால் சொல்லவில்லை,
டீ பாதிக் கிளாஸ் வந்தது.

நான் செயலாளர். என் வேலை எழுதுவது.

போன வருட இலக்குகளை வாசித்தேன். ஒன்பது.
நிறைவேறியவை மூன்று.
அதில் ஒன்று, பேனர்.
உலர்தாவரத் தொகுப்பைச் சரிசெய்யும் வேலையை
உப்புக்காற்று எங்களுக்கு முன்பே முடித்திருந்தது:
தாள்களில் பெயர் இருக்கிறது, இலை இல்லை.
யாரோ சிரித்தார்கள். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

"பத்தாயிரம் கண்டல் நாற்று" என்றார்
தலைவர் தெரசம்மாள் ரொட்ரிகோ.
"இந்த வருஷமும் அதையே வைப்போம்.
பத்தாயிரம்னாதான் கலெக்டர் ஆபீஸ்ல காது குடுப்பாங்க."
முழு எண்ணில் ஒரு வசதி,
அதற்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் களஞ்சியராணி
மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
அலுமினியத் துண்டுகள்,
நாற்றுக்கு ஒன்றாக நாங்களே எண் போட்டுக் கட்டியவை.
காரங்காட்டுச் சேற்றில் ஒரு வாரம் பொறுக்கியிருக்கிறாள்.
முறத்தில் கிளிஞ்சல் புடைப்பதுபோல் ஒரு சத்தம்,
கொட்டி முடிந்த பிறகும் காதில் இருந்தது.

"நட்டது நாம. எண்ணுனது ஆடு."

ஆய்வு மாணவி.
சந்தா பாக்கிப் பட்டியலில் முதல் பெயர்.
அவள் பேசலாமா என்று விதிமுறை பார்க்க
வழிவிட்டான் சார் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள்
கரண்ட் போனது.
கீழே ஐஸ் உடைக்கும் மெஷின் நின்றதும்
கடல் கேட்டது.
இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாடை அடிக்கும் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே கரை நெடுக
அறுந்து ஒதுங்கிய தாழை.
தரைத்தாழை மணக்கும், தலையில் வைப்பார்கள்.
இது கடலடிப் புல், பெயர் மட்டும் அதே பெயர்.
ஒதுங்கினால் நாற்றம்,
வலையில் சிக்கினால் வசவு.
இதுவும் பூக்கும்.
ஆண்பூ காம்பறுத்து மிதந்து வரும்,
பெண்பூ நீர்மட்டத்தில் திறந்து கிடக்கும் என்று
இருபத்திரண்டு வருடம் பலகையில் வரைந்திருக்கிறேன்.
பார்த்ததில்லை.

கரண்ட் வந்தது. எழுதினோம்.
ஒன்று: பத்தாயிரம் அடிக்கப்பட்டு, முந்நூறு.
'நடுதல்' என்பதற்குப் பக்கத்தில்
'திரும்பிப் போய்ப் பார்த்தல், மூன்று முறை' என்று சேர்க்க
முக்கால் மணிநேரச் சண்டை.
பெட்ரோல் யார் போடுவது?
இரண்டு: ஆட்டுக்காரர்களோடு ஒரு கூட்டம்,
அவர்கள் சொல்லும் நாளில்.
மூன்று: டீக்கணக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.

மூன்றுக்குப் பிறகு
இரண்டு விரல் இடம் விட்டு
ஐந்து என்று போட்டேன்: தாள்களுக்கு இரும்பு பீரோ.
யாரும் கவனிக்கவில்லை.
தலைவர் ஒரு காலால் செருப்பைத் தேடிக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.

தேவிபட்டினம் பஸ்ஸில் நோட்டை மடியில் விரித்தேன்.
இலக்கு என்பது அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்,
எங்கள் விதிமுறை, பிரிவு ஏழு.
அமாவாசைக்கு நீர் வற்றும்.
பாஸ்கல் வள்ளம் தருவான், டீசல் என்னுடையது.
ஒரு பூ. இல்லையென்றால் பூஜ்யம்.
அளக்கலாம்.

பேனாவைத் திறந்தேன்.
உப்பூர் வளைவில் பஸ் குலுங்கி
அந்த வெற்றிடத்தில் ஒரு கோடு விழுந்தது,
புல் மாதிரி, கொஞ்சம் வளைந்து.
அப்படியே மூடிவிட்டேன்.

அடுத்த டிசம்பரில் நாலு எங்கே என்று
களஞ்சியராணி கேட்பாள்.
சந்தா கட்டியிருந்தாலும், இல்லாவிட்டாலும்.